ஒரு தீர்ப்பு, ஒரு தேர்தல்: நீதிபதி ஹார்ட்டன் தோத்துப்போன கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு ஜட்ஜைப் பத்தி. பெரிய சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் எல்லாம் இல்லை. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல, ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டுல கேஸ் விசாரிச்சவர். பேர் ஜேம்ஸ் எட்வின் ஹார்ட்டன். அவர் 1922-ல தேர்தல்ல ஜெயிச்சு ஜட்ஜ் ஆனார். 1928-ல எதிர்த்து நிக்கவே ஆள் இல்லாம திரும்பவும் ஜெயிச்சார். 1934-ல தோத்துப்போனார். அதுக்குக் காரணம், நடுவுல 1933 ஜூன் மாசம் அவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல வாசிச்ச ஒரு தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு என்ன, அதுக்கு அவர் கொடுத்த விலை என்ன, அதனால யாருக்காவது பலன் கிடைச்சுதா? இந்த மூணு கேள்விதான் இன்னைக்கு.

ஜட்ஜுக்கு ஓட்டா?

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நம்ம நாட்டுல ஜட்ஜுக்கு யாரும் ஓட்டுப் போடறதில்லை. அதனால “ஜட்ஜ் தேர்தல்ல தோத்துட்டார்”னு கேட்டாலே நமக்கு விசித்திரமா இருக்கும். அமெரிக்காவுல ரெண்டு தனித்தனி நீதிமன்ற அமைப்பு இருக்கு. ஒண்ணு ஃபெடரல், அதாவது மத்திய அரசோடது. அங்க ஜனாதிபதி நியமிப்பார், செனட் சம்மதிக்கணும், அப்புறம் அந்த ஜட்ஜ் ஆயுசுக்கும் பதவியில இருக்கலாம். இன்னொண்ணு மாநில நீதிமன்றங்கள். கொலை, திருட்டு, விவாகரத்து, வாடகைத் தகராறுன்னு சாதாரண மக்களோட வழக்குல பெரும்பகுதி இங்கதான் வரும். இந்த மாநில ஜட்ஜுகளைத் தேர்ந்தெடுக்கற முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்கள்ல தேர்தல்தான். 1832-ல மிசிசிப்பி மாநிலம் எல்லா ஜட்ஜுகளையும் மக்களே தேர்ந்தெடுக்கணும்னு முடிவு பண்ணுச்சு. 1846-ல நியூயார்க் அதே வழிக்கு வந்ததும் மத்த மாநிலங்கள் வரிசையா பின்னால வந்தன.

இதை முட்டாள்தனம்னு உடனே ஒதுக்கிட முடியாது. அதுக்குப் பின்னால ஒரு நியாயம் இருந்தது. கவர்னரும் சட்டசபையும் தங்களுக்கு வேண்டியவங்களை ஜட்ஜ் நாற்காலியில உட்கார வைக்கறாங்க. அந்த ஜட்ஜ் அவங்களுக்கு விசுவாசமா இருக்கார். அப்போ மக்களே தேர்ந்தெடுத்தா அவர் மக்களுக்குத்தானே பதில் சொல்லுவார்?

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா “மக்கள்”னு சொல்றோமே, அதுல யார் யார் அடக்கம்? அலபாமாவுல 1901-ல ஒரு புது அரசியல் சட்டம் எழுதினாங்க. ஓட்டுப் போடணும்னா வரி கட்டணும், எழுதப் படிக்கத் தெரியணும்னு வரிசையா நிபந்தனைகள். கறுப்பின மக்களை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்தறதுதான் நோக்கம். நோக்கம் நிறைவேறுச்சு. அந்தக் காலத்துல அங்க டெமாக்ரடிக் கட்சிக்கு எதிர்க்கட்சியே கிடையாதுன்னு சொல்லலாம். அதனால நவம்பர்ல நடக்கற பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. கட்சிக்குள்ள நடக்கற பிரைமரியில யார் ஜெயிக்கறாரோ அவர்தான் ஜட்ஜ். ஹார்ட்டனைத் தேர்ந்தெடுத்ததும் இந்த வாக்காளர்கள்தான், தோற்கடிச்சதும் இவங்கதான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கூட்ஸ் வண்டியில ஒன்பது பசங்க

1931, மார்ச் 25. பொருளாதார மந்தம் நாட்டையே உலுக்கிக்கிட்டிருந்த நேரம். வேலை தேடி ஊர் ஊரா போறவங்க டிக்கெட் இல்லாம கூட்ஸ் வண்டியில தொத்திக்கிட்டுப் போறது அன்னைக்கு சகஜம். டென்னசியில சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் போற ஒரு கூட்ஸ் வண்டி அலபாமாவோட வடக்குப் பகுதி வழியா போய்க்கிட்டிருந்தது. அதுல வெள்ளைக்காரப் பசங்களுக்கும் கறுப்பினப் பசங்களுக்கும் கைகலப்பு. வெள்ளைக்காரப் பசங்க சிலரை வண்டியிலிருந்து இறக்கி விட்டுட்டாங்க. அவங்க போய்ப் புகார் சொன்னாங்க. அடுத்து பெயின்ட் ராக்ங்கிற இடத்துல துப்பாக்கியோட ஒரு கூட்டம் வண்டியை நிறுத்தி, கையில அகப்பட்ட ஒன்பது கறுப்பினப் பசங்களைப் பிடிச்சுக் கட்டுச்சு. அந்த ஒன்பது பேர்ல சிலர் ஒருத்தரை ஒருத்தர் அதுக்கு முன்னாடி பார்த்ததுகூட இல்லை. கடைசிப் பையனுக்கு வயசு 13.

அதே வண்டியிலிருந்து ரெண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இறங்கினாங்க. விக்டோரியா ப்ரைஸ், ரூபி பேட்ஸ். ரெண்டு பேருமே ஹண்ட்ஸ்வில் பஞ்சாலைத் தொழிலாளிகள். இந்தப் பசங்க எங்களைப் பலாத்காரம் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க. அன்றைய அலபாமாவுல அந்த ஒரு வார்த்தை போதும். சாயங்காலத்துக்குள்ள ஸ்காட்ஸ்பரோ ஜெயில் வாசல்ல கும்பல் கூடிடுச்சு. பசங்களைக் காப்பாத்த ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிடுச்சு.

ஏப்ரல் 6-ல விசாரணை ஆரம்பிச்சு, 9-ஆம் தேதி முடிஞ்சுது. நாலே நாள். எட்டு பேருக்கு மரண தண்டனை. 13 வயசுப் பையன் ராய் ரைட் விஷயத்துல மட்டும் ஜூரிக்குள்ள ஒத்த முடிவு வரலை. பசங்களுக்காக நின்ன வக்கீல்கள் ரெண்டு பேர். ஒருத்தர் பக்கத்து மாநிலத்து ரியல் எஸ்டேட் வக்கீல். இன்னொருத்தர் கோர்ட் பழக்கமே விட்டுப்போன வயசாளி.

இந்த நாலு நாள் விசாரணையைத்தான் 1932 நவம்பர்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணுச்சு. பவல் எதிர் அலபாமான்னு அந்த வழக்குக்குப் பேர். உயிர் போற வழக்குல பேருக்கு ஒரு வக்கீலை நிறுத்தினா போதாது, உண்மையாவே வாதாடற வக்கீல் வேணும்னு அந்தத் தீர்ப்பு சொல்லுச்சு. இன்னைக்கும் சட்டக் கல்லூரிகள்ல படிக்கற தீர்ப்பு அது. அதனால மறு விசாரணை. இடம் மாத்தி, டிகேட்டர்ங்கிற ஊருக்கு வழக்கு வந்தது. அங்க ஜட்ஜ், நம்ம ஹார்ட்டன்.

யார் இந்த ஹார்ட்டன்?

1878-ல பக்கத்து ஊரான ஏதென்ஸ்ல பிறந்தவர். கிரீஸ் நாட்டு ஏதென்ஸ் இல்லை, இது அலபாமாவுல இருக்கற ஏதென்ஸ். வெள்ளைக்கார நிலவுடைமைக் குடும்பம். சட்டம் படிச்சு, வக்கீலா இருந்து, மாநில சட்டசபையிலயும் இருந்துட்டு, அப்புறம் ஜட்ஜ் ஆனவர். நல்ல உயரம், ஒல்லியான முகம். பார்த்தவங்க நிறைய பேர் ஆபிரகாம் லிங்கன் சாயல்னு எழுதியிருக்காங்க.

இவரை ஒரு புரட்சிக்காரரா நினைச்சுக்காதீங்க. விசாரணை ஆரம்பிச்சதும் பசங்க தரப்பு வக்கீல் முதல் அடியா ஒரு ஆட்சேபணை கொண்டுவந்தார். இந்தக் கவுண்டியில ஒரு கறுப்பினத்தவரைக்கூட ஜூரிப் பட்டியல்ல சேர்க்கலை, இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு. படிச்ச, தகுதியுள்ள கறுப்பினத்தவர்களைக் கூண்டுல ஏத்திக் காட்டினார். ஹார்ட்டன் அந்த ஆட்சேபணையைத் தள்ளுபடி பண்ணிட்டார். பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். பெண்களுக்கும் இடமில்லை. அலபாமாவுல பெண்கள் ஜூரியில உட்கார 1966 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, ஹார்ட்டன் அவர் ஊர் வழக்கத்துக்குள்ள வாழ்ந்த மனுஷன்தான். எனக்கு இந்தக் கதையில பிடிச்ச விஷயமே அதுதான். ஊரை எதிர்த்து நிக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு அவர் கோர்ட்டுக்குள்ள வரலை. சாட்சியைக் கவனமா கேட்டார். கேட்டது அவரை எங்க கொண்டுபோச்சோ, அங்க போனார்.

டிகேட்டர், 1933

பசங்களுக்காக வந்தவர் சாமுவேல் லீபோவிட்ஸ். நியூயார்க்ல அன்னைக்கு ரொம்பப் பேர் வாங்கின கிரிமினல் வக்கீல், யூதர். அவரைக் கொண்டுவந்தது கம்யூனிஸ்ட்டுகளோட சேர்ந்த ஒரு சட்ட உதவி அமைப்பு. டிகேட்டர் மக்களோட கண்ணுல இது மூணும் மூணு குத்தம். அரசுத் தரப்புல மாநில அட்டர்னி ஜெனரலே நேர்ல வந்தார், தாமஸ் நைட். இந்தப் பசங்களோட தண்டனையை முன்னாடி உறுதி பண்ணி அலபாமா சுப்ரீம் கோர்ட்ல தீர்ப்பு எழுதினவர் அவரோட அப்பா. இப்போ மகன் வாதாடறார்.

முதல்ல விசாரிக்கப்பட்டவர் ஹேவுட் பேட்டர்சன். வண்டியோட மாதிரிப் பொம்மை ஒண்ணை லீபோவிட்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுவந்து வெச்சு, எந்தப் பெட்டியில இருந்தீங்கன்னு விக்டோரியா ப்ரைஸைக் கேட்டார். நான் வந்த வண்டி இது மாதிரி இல்லைன்னு அவங்க பிடி கொடுக்கலை. முதல் நாள் ராத்திரி சட்டனூகாவுல ஒரு அம்மா வீட்டுல தங்கினேன்னு சொன்னாங்க. அப்படி ஒரு அம்மாவே அந்த ஊர்ல இல்லைன்னு லீபோவிட்ஸ் காட்டினார்.

ஆனா கேஸோட நடு எலும்பு மருத்துவ சாட்சியம்தான். வண்டியிலிருந்து இறங்கி ஒண்ணரை மணி நேரத்துக்குள்ளயே ரெண்டு பெண்களையும் டாக்டர்கள் பரிசோதிச்சாங்க. ஜல்லி நிரப்பின திறந்த பெட்டியில, அந்தக் கூர்மையான கல் மேல, ஆறு பேர் தன்னைப் பலாத்காரம் பண்ணாங்க, துப்பாக்கிக் கட்டையால தலையில அடிச்சாங்க, ரத்தம் வந்ததுன்னு ப்ரைஸ் சொல்லியிருந்தாங்க. அரசுத் தரப்பு சாட்சியா வந்த டாக்டர் பிரிட்ஜஸ் சொன்னது வேற. நாடித்துடிப்பு சாதாரணமா இருந்தது, மூச்சு சாதாரணமா இருந்தது, தலையில அந்த மாதிரி வெட்டுக் காயம் எதுவும் இல்லை, சில சின்னச் சிராய்ப்புகள்தான். கிடைச்ச விந்தணுக்கள்லயும் உயிரோட்டம் இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு சம்பவம். ரெண்டாவது டாக்டர் மார்வின் லிஞ்ச், அப்போ இளம் வயசு. அவரும் முதல் ஆள் சொன்னதையேதான் சொல்லுவார்னு அரசுத் தரப்பு அவரைச் சாட்சியா கூப்பிடாம விட்டுடுச்சு. அதுக்கப்புறம் அந்த டாக்டர் ஜட்ஜைத் தனியா பார்க்கணும்னு கேட்டார். கோர்ட் கட்டடத்துல இருந்த ஒரு கழிப்பறையில ரெண்டு பேரும் பேசினாங்க. இந்தப் பெண்களைப் பரிசோதிச்சப்பவே இவங்க சொல்றது பொய்னு எனக்குத் தெரிஞ்சுது, அவங்க முகத்துக்கு நேராவே சொன்னேன்னு டாக்டர் சொன்னார். அப்போ கூண்டுல ஏறி அதைச் சொல்லுங்கன்னார் ஹார்ட்டன். சொன்னா என் ஊருக்கு நான் திரும்பிப் போக முடியாது, என் தொழில் போயிடும்னு அவர் மறுத்துட்டார்.

இது ஹார்ட்டன் பல வருஷம் கழிச்சுச் சொன்னது. அந்த டாக்டர் இப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னு மறுத்தார். ரெண்டையும் நீங்க தெரிஞ்சுக்கணும். ஆனா ஹார்ட்டன் சொன்னபடியே வெச்சுப் பார்த்தா, அன்னைக்கு அந்தக் கழிப்பறையில ரெண்டு பேர் முன்னாலயும் ஒரே கேள்விதான் இருந்தது. உண்மையைச் சொன்னா என் பிழைப்பு போயிடுமே, என்ன பண்ணலாம்? டாக்டர் அன்னைக்கே பதில் சொல்லிட்டார். ஜட்ஜ் பதில் சொல்ல ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

உடனே ஏன் விசாரணையை நிறுத்தலை? ஜூரியே விடுதலை பண்ணிடும்னு அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் கிடைச்சுது. ஏப்ரல் 6-ஆம் தேதி கோர்ட் கதவு திறந்தது. உள்ளே வந்தது ரூபி பேட்ஸ். புகார் கொடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர், இப்போ பசங்க தரப்பு சாட்சியா! பலாத்காரம்னு எதுவுமே நடக்கலை, ப்ரைஸ் சொன்னதையே நானும் சொன்னேன்னு கூண்டுல ஏறிச் சொன்னாங்க. ஆனா அரசுத் தரப்பு அவங்க போட்டிருந்த புதுக் கோட்டைப் பிடிச்சுக்கிச்சு. இது யார் வாங்கிக் கொடுத்தது? அந்த ஒரு கேள்வியில அவங்க சாட்சியம் விலைபோன சாட்சியமா ஆயிடுச்சு. கடைசி வாதத்துல ஒரு அரசு வக்கீல், நியூயார்க் யூதப் பணத்துக்கு இங்க நீதி விலைபோகாதுன்னு ஜூரிக்குக் காட்டச் சொன்னார்.

இடையில கும்பல் கூடப்போகுதுன்னும் தகவல். ஹார்ட்டன் கோர்ட்டுலயே வெளிப்படையா எச்சரிச்சார். கைதிகளைத் தூக்கிட்டுப் போக யார் வந்தாலும் சுடச் சொல்லிக் காவலர்களுக்கு உத்தரவு போட்டிருக்கேன்னார். அடுத்த வருஷம் இதே ஊர்க்காரங்ககிட்ட ஓட்டுக் கேட்கப் போறவர் பேசின பேச்சு இது.

ஏப்ரல் 9, ஞாயித்துக்கிழமை. ஜூரி தீர்ப்பு சொல்லுச்சு. குற்றவாளி. மின்சார நாற்காலி.

ஜூன் 22

மத்த பசங்களோட விசாரணையை ஹார்ட்டன் தள்ளி வெச்சார். ஊர் கொதிச்சுப்போய் இருக்கு, இப்போ நியாயமான விசாரணை நடக்காதுன்னு சொன்னார். அப்புறம் மே மாசம் போச்சு. ஜூன் 22-ஆம் தேதி, அவர் சொந்த ஊர் ஏதென்ஸ்ல, பேட்டர்சனுக்கு மறு விசாரணை கேட்ட மனு வந்தது. வக்கீல்கள் வழக்கம்போல வாதம் நடக்கும்னு நினைச்சு வந்திருந்தாங்க. ஜட்ஜ் கையில தயாரா காகிதக் கட்டு. வாசிக்க ஆரம்பிச்சார்.

அந்தத் தீர்ப்புல ஆவேசப் பேச்சு எதுவும் கிடையாது. இன வெறுப்பைப் பத்தி நீளமா பிரசங்கம் கிடையாது. ஒரு கணக்குப் பிள்ளை பேரேட்டைச் சரிபார்க்கற மாதிரி, ப்ரைஸ் சொன்ன ஒவ்வொரு வரியையும் எடுத்து மத்த சாட்சியத்தோட வெச்சுப் பார்த்தார். ஜல்லி மேல படுக்க வெச்சா முதுகுல காயம் எங்கே? தலையில அடிச்சா ரத்தம் எங்கே? ஆறு பேர்னா டாக்டர் கண்டது ஏன் இவ்வளவு குறைச்சல்? பட்டப்பகல், ஊர்கள் வழியா மெதுவா போற வண்டி, திறந்த பெட்டி. அங்க இதெல்லாம் நடந்திருக்குமா? ப்ரைஸ் சொன்னதை வேற யாருமே உறுதிப்படுத்தலை, பல இடத்துல அது மத்த சாட்சியத்துக்கு நேர் எதிரா இருக்குன்னு முடிச்சார். ஜூரியோட முடிவை ரத்து பண்ணினார்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு. ஹார்ட்டன் பேட்டர்சனை விடுதலை பண்ணலை. சாட்சியத்தோட எடைக்கு எதிரா ஜூரி தீர்ப்பு சொல்லியிருந்தா, அதைத் தள்ளிட்டு மறு விசாரணைக்கு உத்தரவு போடற அதிகாரம் விசாரணை ஜட்ஜுக்கு இருந்தது. அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார். பேட்டர்சன் ஜெயில்லயேதான் இருந்தார்.

இப்படி ஒரு தீர்ப்பு எழுதினா அடுத்த தேர்தல்ல காலின்னு அவருக்கு முன்னாடியே தெரியும். அந்த ஊர்ல இருந்த யாருக்குமே தெரிஞ்சிருக்கும். பிற்காலத்துல ஏன் அப்படிப் பண்ணீங்கன்னு கேட்டப்போ, வானமே இடிஞ்சு விழுந்தாலும் நீதி நடக்கட்டும்ங்கிற பழைய லத்தீன் வாக்கைத்தான் சொன்னார். சின்ன வயசுல அவர் குடும்பத்துல சொல்லிக்கொடுத்ததாம்.

வாக்குச்சீட்டு

வானம் இடிஞ்சுது, ஆனா அவர் தலையில மட்டும். ஸ்காட்ஸ்பரோ வழக்குகள் வேற ஜட்ஜ்கிட்ட போச்சு. 1934 பிரைமரியில, முன்னாடி எதிரியே இல்லாத ஹார்ட்டனை எதிர்த்து ஆட்கள் நின்னாங்க. போட்டி இரண்டாம் சுத்து வரைக்கும் போச்சு. ஜூன்ல அக்விலா கிரிஃபித்ங்கிறவர்கிட்ட ஹார்ட்டன் தோத்தார். அதே வருஷம் எதிர்த் தரப்புல வாதாடின அட்டர்னி ஜெனரல் தாமஸ் நைட் லெஃப்டினன்ட் கவர்னரா ஜெயிச்சார். ஒரே வழக்கு, ஒரே வருஷத் தேர்தல். மரண தண்டனை வாங்கினவருக்கு பதவி உயர்வு, அதை ரத்து பண்ணினவருக்கு வீட்டுக்கு வழி.

ஹார்ட்டன் அதுக்கப்புறம் ஜட்ஜ் நாற்காலியில உட்காரவே இல்லை. வக்கீல் தொழில் பார்த்தார், விவசாயம் பண்ணினார், மாடு வளர்த்தார். 1973-ல, 95 வயசுல இறந்தார்.

பசங்களுக்கு என்ன ஆச்சு?

இந்தக் கதையை ஹார்ட்டனோட தியாகக் கதையா சொல்லி முடிச்சா அது பாதிக் கதைதான். ஜெயில்ல இருந்தது அவர் இல்லையே.

புதுசா வந்த ஜட்ஜ் வில்லியம் காலஹன். வெள்ளைக்காரப் பெண் தானா விரும்பி ஒரு கறுப்பின ஆணோட இருந்திருக்க மாட்டாள்னுதான் சட்டம் அனுமானிக்கும்னு அவர் ஜூரிக்கு விளக்கினார். விடுதலை பண்ணணும்னா எப்படி எழுதித் தரணும்ங்கிறதைச் சொல்லவே மறந்துட்டார். வக்கீல்கள் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. 1933 டிசம்பர்ல பேட்டர்சனுக்கும் கிளாரன்ஸ் நோரிஸுக்கும் மறுபடி மரண தண்டனை.

1935 ஏப்ரல்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் திரும்பவும் தலையிட்டுச்சு. காரணம், ஹார்ட்டன் தள்ளுபடி பண்ணின அதே ஜூரிப் பட்டியல் ஆட்சேபணை! ஸ்காட்ஸ்பரோ இருக்கற கவுண்டியோட பட்டியல்ல சில கறுப்பினத்தவர் பேர் பின்னாடி செருகப்பட்டிருக்குன்னு லீபோவிட்ஸ் சொன்னார். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வெச்சே அந்தப் பக்கங்களைப் பார்த்தாங்க. ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை முறையா ஒதுக்கி வெச்சது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு வந்தது. அப்படிப் பார்த்தா, ஹார்ட்டன் ஒரு கேள்வியில ஊருக்கு முன்னாடி நின்னார், இன்னொரு கேள்வியில ஊரோடதான் நின்னார்.

அதுக்கப்புறமும் விசாரணைகள் ஓடுச்சு. 1937-ல நாலு பேர் மேல இருந்த வழக்கைக் கைவிட்டு விடுதலை பண்ணாங்க. ஆறு வருஷத்துக்கும் மேல உள்ளே இருந்தப்புறம். பேட்டர்சனுக்கு 75 வருஷ தண்டனை. 1948-ல அவர் ஜெயிலிலிருந்து தப்பிச்சார். 1952-ல வேற ஒரு வழக்குல மிச்சிகன் ஜெயில்ல இருந்தப்போ புற்றுநோயால இறந்தார். ஆண்டி ரைட் கடைசியா வெளியே வந்தது 1950-ல. நோரிஸுக்கு 1976-ல அலபாமா அரசு மன்னிப்பு வழங்குச்சு. பேட்டர்சன், ஆண்டி ரைட், சார்லி வீம்ஸ் மூணு பேருக்கும் 2013 நவம்பர் 21-ல மன்னிப்பு வந்தது. மூணு பேருமே அப்போ உயிரோட இல்லை. செய்யாத குத்தத்துக்கு மன்னிப்புங்கிற வார்த்தையே எனக்கு உறுத்துது. ஆனா சட்டத்துல அவங்ககிட்ட இருந்த வார்த்தை அதுதான்.

அப்போ தேர்தல் கூடாதா?

இந்தக் கதையைக் கேட்டதும் ஜட்ஜுக்குத் தேர்தலே கூடாதுன்னு சொல்லத் தோணும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அதுக்கு ஆதரவா ஒரு நல்ல ஒப்பீடும் இருக்கு. ஃபிராங்க் ஜான்சன்னு இன்னொரு ஜட்ஜ். அவரும் வடக்கு அலபாமாக்காரர்தான். ஆனா ஃபெடரல் ஜட்ஜ், 1955-ல நியமிக்கப்பட்டவர். 1956-ல மான்ட்கோமரி பஸ்கள்ல இனப் பிரிவினை செல்லாதுன்னு தீர்ப்பு சொன்ன மூணு பேர்ல அவரும் ஒருத்தர். அவர் வீட்டு வாசல்ல சிலுவையைக் கொளுத்தினாங்க. 1967-ல அவர் அம்மா வீட்டுல குண்டு வெடிச்சுது. ஆனா அவரைப் பதவியிலிருந்து யாராலயும் இறக்க முடியலை. பல வருஷம் அதே நாற்காலியில உட்கார்ந்து அடுத்தடுத்து தீர்ப்பு எழுதினார். ஹார்ட்டனுக்கு ஒரே ஒரு தீர்ப்புதான் கிடைச்சுது.

ஆனா நியமனம் வந்தா எல்லாம் சரியாயிடுமா? யார் நியமிக்கறாங்கங்கிற கேள்வி அப்படியே இருக்கும். ஹார்ட்டனைத் தோற்கடிச்ச அதே அரசியல்தான் கவர்னரையும் தேர்ந்தெடுத்துச்சு. அந்த கவர்னர் நியமிச்சிருந்தா ஹார்ட்டன் மாதிரி ஒருத்தர் வந்திருப்பாரா? தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்கள் 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு அப்புறம் ஓட்டுச்சாவடிக்குத் திரும்பினப்போ, ஜட்ஜ் தேர்தலையும் அவங்க விட்டுக்கொடுக்கலை. அந்தச் சட்டம் ஜட்ஜ் தேர்தலுக்கும் பொருந்தும்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1991-ல ஜெயிச்சாங்க. தேர்தலை ஒழிக்கணும்னு அவங்க கேட்கலை. எங்க ஓட்டையும் எண்ணுங்கன்னுதான் கேட்டாங்க. 1934-ல பேட்டர்சனோட குடும்பம் மாதிரி ஆட்கள் அந்தப் பிரைமரியில ஓட்டுப் போட்டிருந்தா முடிவு வேற மாதிரி இருந்திருக்கலாம்.

அதனால நான் இப்படிப் பார்க்கறேன். தேர்தல்ல ரெண்டு ஆபத்து இருக்கு. ஒண்ணு, யாரை வெளியே நிறுத்தறோம்ங்கிறது. அதை ஓரளவுக்குச் சரிபண்ணலாம். இன்னொண்ணு, எல்லாருக்கும் ஓட்டு இருந்தாலும் போகாதது. கூண்டுல நிக்கற தனி ஆளுக்கு எதிரா பெரும்பான்மையோட கோபம் திரும்பும்போது, அடுத்த தேர்தலை நினைச்சுக்கிட்டே ஜட்ஜ் பேனா எடுத்தா என்ன ஆகும்?

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. அலபாமாவுல இன்னைக்கும் ஜட்ஜுகளுக்குக் கட்சிச் சின்னத்தோடதான் தேர்தல். 2017 வரைக்கும் அங்க ஒரு சட்டம் இருந்தது. ஜூரி ஆயுள் தண்டனைன்னு சொன்னாலும், ஜட்ஜ் அதை மீறி மரண தண்டனை கொடுக்கலாம். அப்படித் தண்டனை வாங்கினவங்க 95 பேர்னு நீதிபதி சோனியா சொட்டோமேயர் தன் மாற்றுக் கருத்துல எழுதினார். தேர்தல் அழுத்தத்துக்கு ஜட்ஜுகள் பணிஞ்சுபோறதைத் தவிர வேற விளக்கம் தெரியலைங்கிற அளவுக்கு அவர் போனார். அந்தக் கருத்து வெளியான தேதி 2013 நவம்பர் 18. ஸ்காட்ஸ்பரோ பசங்களுக்குக் கடைசி மன்னிப்பு வந்ததுக்கு மூணே நாள் முன்னாடி.

ஹார்ட்டன் ஜூரி கொடுத்த மரண தண்டனையை நீக்கினார், பதவி போச்சு. அதே மாநிலத்துல பின்னாடி வந்த ஜட்ஜுகள் ஜூரி கொடுக்காத மரண தண்டனையைக் கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் எட்டிப் பார்க்கறது அதே வாக்குச்சீட்டுதான்.

2017-ல ஏதென்ஸ் கோர்ட் வாசல்ல ஹார்ட்டனுக்கு ஒரு வெண்கலச் சிலை வெச்சாங்க. அவரை வீட்டுக்கு அனுப்பின அதே பகுதியில. ஊர் மாறியிருக்குன்னு நாம சந்தோஷப்படலாம். ஆனா சிலை வைக்க 80 வருஷத்துக்கு மேல அவகாசம் இருந்தது. 1933-ல பேட்டர்சனுக்கு அந்த அவகாசம் இல்லை. அன்னைக்கு அவரை மின்சார நாற்காலியிலிருந்து தள்ளி நிறுத்தினது, வேலை போயிடும்னு தெரிஞ்சே ஒரு உள்ளூர் ஜட்ஜ் எழுதின சில பக்கங்கள். அவர் பதவியையும் பறிகொடுத்தார், பையனையும் முழுசா காப்பாத்த முடியலை. இருந்தாலும் அந்தப் பக்கங்கள் இல்லைன்னா பேட்டர்சன் அப்பீல் வரைக்கும் உயிரோட இருந்திருப்பாரான்னு யோசிச்சுப் பாருங்க.

இந்த எபிசோட் பத்தி உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. குறிப்பா இந்தக் கேள்விக்கு: ஜட்ஜ் மக்களுக்குப் பதில் சொல்லணுமா, இல்ல மக்களோட கோபத்துக்கு எட்டாத தூரத்துல இருக்கணுமா? ரெண்டுமே வேணும்னா, அந்தக் கோட்டை எங்க போடுவீங்க? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.